வீட்டு காண்ட்ராக்டரும் கமர்ஷியல் காண்ட்ராக்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பன்னிரண்டு வருடம் ஆபீஸ், ஷோரூம் சைட்டுகளில் சைட் இன்ஜினியராக இருந்தேன். அப்புறம் சொந்த ஊர்ப் பக்கம் வந்து வீடுகள் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். மனை வாங்கியவர்கள், கடை கட்டி வாடகைக்கு விட நினைப்பவர்கள் என்று என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொன்னது.

இரண்டு பேரும் கட்டடம்தானே கட்டுகிறார்கள். அப்படி என்ன வித்தியாசம்?

வீட்டு சைட்டில் காலை ஒன்பது மணிக்கு மேஸ்திரி கேட்பார்: "சார், கிச்சன் ஜன்னல் எங்க வருது?" வீட்டுக்காரர் வருவார், அவர் மனைவி வருவார், இருவரும் நின்று பேசுவார்கள். ஒரு செங்கல் துண்டை எடுத்துச் சுவரிலேயே கோடு போட்டு, "இங்க வெச்சுக்கோங்க" என்பார்கள். முடிந்தது. அந்தக் கோட்டின் மேல் மறுநாள் பூச்சு வந்துவிடும். யார் எப்போது சொன்னார்கள் என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது.

கமர்ஷியல் சைட்டில் ஜன்னலை ஒரு அடி நகர்த்த வேண்டுமென்றால் ஆர்க்கிடெக்ட் திருத்திய டிராயிங் அனுப்ப வேண்டும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்க வேண்டும், விலை மாறினால் அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். அது வரும்வரை அந்தச் சுவர் அப்படியே நிற்கும்.

கட்டடத்தின் அளவை வைத்து இந்த இரண்டு பேரைப் பிரிக்க முடியாது. ஐயாயிரம் சதுரடி வீடும் உண்டு, அறுநூறு சதுரடிக் கடையும் உண்டு. முடிவு யார் எடுக்கிறார்கள், அது எங்கே எழுதப்படுகிறது, பணம் எதைப் பார்த்து நகர்கிறது, இந்த மூன்றில்தான் தொழிலே வேறாகிறது.

காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ் உண்டா? எப்படிச் சரிபார்ப்பது?

தனியாருக்கு வீடு கட்டிக் கொடுக்க நம் மாநிலத்தில் "காண்ட்ராக்டர் லைசென்ஸ்" என்று ஒன்று கிடையாது. நேற்றுவரை கொத்தனாராக இருந்தவர் இன்று விசிட்டிங் கார்டு அடித்தால் அவரும் காண்ட்ராக்டர்தான். இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான வேலைக்காரர்களில் இரண்டு பேர் அப்படி வந்தவர்கள்.

அரசு வேலை எடுக்கத்தான் பொதுப்பணித்துறையில் வகுப்பு வாரியாகப் பதிவு செய்ய வேண்டும். சிலர் "நான் பிடபிள்யூடி காண்ட்ராக்டர்" என்று வீட்டுக்காரரிடம் அடித்துச் சொல்வார்கள். அது அரசு டெண்டருக்கான தகுதி. உங்கள் வீட்டுப் பூச்சு நேராக வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன் கீழ் இன்ஜினியர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் போன்றவர்களுக்குப் பதிவு உண்டு. பிளானில் கையெழுத்துப் போடுவது அவர்கள். ஆகவே காண்ட்ராக்டரிடம், "உங்கள் வேலையில் கையெழுத்துப் போடும் இன்ஜினியர் யார், சைட்டுக்கு எத்தனை தடவை வருவார்?" என்று கேளுங்கள். பல வீடுகளில் அந்த இன்ஜினியர் சைட்டையே பார்த்திருக்க மாட்டார்.

வீட்டுக்குச் சதுரடி ரேட் சொல்கிறார்கள், கமர்ஷியலில் ஏன் நூறு பக்க எஸ்டிமேட்?

சதுரடி ரேட் புரிந்துகொள்ள எளிது. ஆயிரம் சதுரடி, சதுரடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 24 லட்சம். குழப்பம் எல்லாம் "எது சதுரடி" என்பதில் இருக்கிறது. போர்டிகோ 120 சதுரடி. அதற்கு முழு ரேட் என்றால் 2,88,000. பாதி ரேட் என்றால் 1,44,000. வாயால் பேசியபோது இருவருமே போர்டிகோவைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்கள். படிக்கட்டு மேல் ஹெட்ரூம், சன்ஷேட், பால்கனி எல்லாவற்றுக்கும் இதே கதை. சம்ப்பும் செப்டிக் டேங்கும் லிட்டர் கணக்கு, காம்பவுண்ட் சுவர் ஓடும் அடிக் கணக்கு, எலிவேஷன் எனும் முகப்பு அலங்காரம் தனி. பேஸ்மட்டம் மூன்றடி என்று பேசியிருப்பார்கள். பின்னால் ரோடு உயரும் என்று பயந்து நாலரை அடி ஆக்குவார்கள். அந்த ஒன்றரை அடி யார் தலையில்?

கமர்ஷியலில் "பில் ஆஃப் குவான்டிட்டீஸ்" என்று ஒரு பட்டியல் இருக்கும். மண் தோண்டுவது இத்தனை கனமீட்டர், கம்பி இத்தனை டன், காங்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை இத்தனை சதுரமீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் அளவும் ரேட்டும் தனித்தனியே இருக்கும். வேலை முடிந்ததும் இரு தரப்பும் டேப்பைப் பிடித்து அளந்து, அளந்ததற்குத்தான் பணம். கூடினால் கூடும், குறைந்தால் குறையும். சண்டை வந்தாலும் அளவைப் பற்றிய சண்டையாக இருக்கும், "நீங்க அன்னைக்கு சொன்னீங்களே" என்ற சண்டையாக இருக்காது.

வீட்டுக்கு நூறு பக்கம் தேவையில்லை. இரண்டு பக்கம் போதும். சிமென்ட், கம்பி பிராண்ட், டைல்ஸுக்குச் சதுரடிக்கு எவ்வளவு வரை, ஒரு அறைக்கு எத்தனை சுவிட்ச் பாயின்ட், போர்டிகோ முழுதா பாதியா. ரேட் பேசுவதற்கு முன்னால் டிராயிங் முடிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டிராயிங் இல்லாமல் சொல்லும் சதுரடி ரேட், பெண் பார்க்காமல் பத்திரிகை அடித்த மாதிரி.

லேபர் காண்ட்ராக்ட், மெட்டீரியலோடு காண்ட்ராக்ட்: எது நல்லது?

லேபர் காண்ட்ராக்ட் என்றால் ஆட்கள் மட்டும் அவருடையது, பொருள் வாங்குவது நீங்கள். தினமும் சைட்டுக்குப் போக முடிந்தால், எம்-சாண்டை (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் வீட்டில் இருந்தால் லேபர் காண்ட்ராக்ட் மிச்சம் பிடிக்கும். வெளிநாட்டில் இருந்துகொண்டு மாமனாரை நம்பி லேபர் காண்ட்ராக்ட் கொடுக்காதீர்கள். வீடும் கெடும், உறவும் கெடும்.

பணம் எப்படிக் கொடுப்பது? கமர்ஷியலில் எப்படி நடக்கிறது?

வீட்டில் ஸ்டேஜ் கணக்கு: அட்வான்ஸ், பேஸ்மட்டம், லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேலே வரும் காங்கிரீட்), ரூஃப், பூச்சு, ஃபினிஷிங். இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு உண்டு. ரூஃப் காங்கிரீட் போடும்போது முக்கால்வாசிப் பணம் போயிருக்கும். ஆனால் மீதி வேலைதான் நேரமும் பொறுமையும் கேட்கும் வேலை: டைல்ஸ், கதவு, பெயின்ட், பிளம்பிங் ஃபிட்டிங். அடுத்த சைட்டில் அட்வான்ஸ் வாங்கிய காண்ட்ராக்டருக்கு உங்கள் சைட்டில் கால் நிற்காது. கிரகப்பிரவேசத் தேதி குறித்துப் பத்திரிகை அடித்த பிறகு வீட்டுக்காரர் காண்ட்ராக்டர் வீட்டு வாசலில் நிற்பது இதனால்தான்.

கமர்ஷியலில் மாதாமாதம் அதுவரை முடிந்த வேலையை அளந்து "ஆர்.ஏ. பில்" போடுவார்கள். ஒவ்வொரு பில்லிலும் சுமார் 5% பிடித்து வைப்பார்கள். ரிடென்ஷன் என்று பேர். கட்டடத்தை ஒப்படைத்ததும் அதில் பாதி, ஒரு வருடம் கழித்து ஒழுகல், விரிசல் எதுவும் இல்லையென்றால் மீதி. ஆரம்ப அட்வான்ஸ் கேட்டால் பேங்க் கேரண்டி கொடுக்கச் சொல்வார்கள்.

இந்த ரிடென்ஷன் ஒன்றை வீட்டுக்கும் கொண்டுவரலாம். 24 லட்சம் வேலையில் 5% என்பது 1,20,000. ஒரு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் கொடுக்கிறேன் என்று அக்ரிமென்டில் எழுதுங்கள். நான் என் வீட்டு வேலைகளில் நானே இதைப் போட்டுக் கொடுக்கிறேன். முதலில் கை கடித்தது. இப்போது அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வருகிறார்கள்.

கீழே கடை, மேலே வீடு கட்டப் போகிறேன். வீட்டு மேஸ்திரியே போதுமா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். நம் ஊர் மெயின் ரோடுகளில் பாதிக் கட்டடங்கள் இந்த வகை. வீட்டு மேஸ்திரிக்குக் கையில் ஒரு கணக்கு உண்டு: ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலத் தூண், பத்துப் பன்னிரண்டடி இடைவெளி, ஐந்தங்குல ஸ்லாப். ஓர் அறையும் அதில் கட்டிலும் பீரோவும் இருக்கிற வீட்டுக்கு அந்தக் கணக்கு ஓடிவிடும். கடைக்கு ஓடாது.

சுமையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 875 வீட்டு அறைகளுக்கு ஒரு சதுரமீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. சில்லறைக் கடைக்குச் சுமார் 400 கிலோ. கிடங்குக்கு அதற்கும் மேலே. இது வெறும் காகிதக் கணக்கில்லை. இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைட் டைல்ஸ் பெட்டி ஒன்று சுமார் 28 கிலோ. படுக்க வைத்தால் அது பிடிக்கும் இடம் 0.36 சதுரமீட்டர். ஐந்து பெட்டியை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் 140 கிலோ, அதாவது சதுரமீட்டருக்கு 390 கிலோவை ஒட்டி வந்துவிட்டது. எந்த டைல்ஸ் கடைக்காரர் ஐந்து பெட்டியோடு நிறுத்துவார்?

ஒரு தடவை முதல் மாடி ஸ்லாப் "கொஞ்சம் தொங்கற மாதிரி இருக்கு" என்று கூப்பிட்டார்கள். வீடாகக் கட்டியது. வாடகை நன்றாக வந்ததால் ஒரு ஜவுளி வியாபாரிக்கு ஸ்டாக் ரூமாக விட்டிருந்தார்கள். கீழே நின்று நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. பீமோடு சேரும் இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. துணி பேல்களை அன்றைக்கே இறக்கச் சொன்னேன். கட்டியவர் மேல் தப்பில்லை. அவரிடம் வீடு என்று சொன்னார்கள், அவர் வீடு கட்டினார்.

அடுத்தது தூண். கடைக்கு முன்னால் ஷட்டர் வேண்டும், உள்ளே தூண் மறைக்கக் கூடாது, உயரம் பன்னிரண்டடி வேண்டும் என்பார்கள். ஆகக் கீழே சுவரே இல்லாமல் உயரமான தூண்கள், மேலே வீட்டுச் சுவர்கள் நிறைய. நிலம் ஆடினால் முதலில் மடங்குவது இந்த மாதிரி கீழ்த்தளம்தான். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து வெகு தூரத்தில் இருந்த அகமதாபாத்தில் கீழே கார் நிறுத்தத் திறந்து விட்ட அடுக்குமாடிகள் பல அப்படித்தான் உட்கார்ந்தன. அதற்கு அடுத்த வருடம் சென்னை நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. தூணின் சிறிய பக்கம் குறைந்தது 300 மில்லிமீட்டர், அதாவது பன்னிரண்டங்குலம் என்று நிலநடுக்கம் தாங்கும் கட்டுமானத்துக்கான தரக் குறியீடு ஐஎஸ் 13920-இன் 2016 பதிப்பு சொல்கிறது. "தூண் சுவருக்குள் மறையணும் சார்" என்று வீட்டுக்காரர் கேட்பதால் ஒன்பதங்குலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

படிக்கட்டையும் மறக்க வேண்டாம். வீட்டுக்கு மூன்றடி அகலம் சமாளிக்கும். மாடியிலும் கடை வருகிறதென்றால் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1.5 மீட்டர் கேட்கிறது. ஐந்தடி. 2017 மே 31 அன்று தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக் கட்டடம் அதிகாலையில் பிடித்த தீயில் ஒரு நாளுக்கும் மேல் எரிந்து, கடைசியில் இடிக்க வேண்டியதாயிற்று. நல்ல வேளை, கடை திறக்காத நேரம். மூன்றடிப் படியில் மாலை ஆறு மணிக் கூட்டம் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

ஆக, மேஸ்திரியை விட வேண்டாம். டிசைனை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கொடுத்து, கடைச் சுமை என்று தெளிவாகச் சொல்லி, அந்த டிராயிங்கை மேஸ்திரி கையில் கொடுங்கள். அதற்கான ஃபீஸ் உங்கள் ஷட்டர் செலவைவிட ரொம்பப் பெரிதாக இருக்காது.

கமர்ஷியல் வேலையில் காங்கிரீட் தரம் உசத்தியா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் காரணம் சிமென்ட் இல்லை, தண்ணீர். எம்20 என்ற தரத்துக் கலவையைக் கையளவில் போடும்போது ஒரு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர் என்று காங்கிரீட்டுக்கான தரக் குறியீடு ஐஎஸ் 456 சொல்கிறது. வீட்டு சைட்டில் மிக்ஸர் மெஷின் பக்கத்தில் நிற்கும் ஆள் டிரம்மிலிருந்து வாளி வாளியாக ஊற்றுவார். கலவை கெட்டியாக இருந்தால் மேலே இருந்து "இன்னும் ஒரு வாளி!" என்று சத்தம் வரும். மழை நனைத்த மணலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர் யார் கணக்கிலும் இல்லை. அந்த ஒரு வாளியில்தான் பலம் போகிறது.

கமர்ஷியலில் ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் ஓர் அடி உயரக் கூம்பில் கலவையை நிரப்பி, கூம்பைத் தூக்கி, எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பார்கள். பதினைந்து சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் க்யூப் எடுத்து 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பார்ப்பார்கள். வீட்டிலும் இது முடியும். ஆயிரம் சதுரடி ஸ்லாப் ஐந்தங்குலத்தில் சுமார் 12 கனமீட்டர் காங்கிரீட். ஐஎஸ் 456 கணக்கில் இரண்டு சாம்பிள், ஆறு க்யூப். பக்கத்தில் இருக்கும் இன்ஜினியரிங் கல்லூரியிலோ தனியார் லேபிலோ உடைத்துக் கொடுப்பார்கள். க்யூப் எடுக்கப் போகிறோம் என்று முந்தின நாளே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டால் அன்றைக்கு வாளிச் சத்தம் தானாகக் குறையும்.

வீட்டில் நன்றாக நடக்கிற ஒரு விஷயமும் உண்டு: தண்ணீர் நனைப்பது. வீட்டுக்காரர் காலையும் மாலையும் ஹோஸ் பைப்போடு நிற்பார், ஸ்லாப் மேல் பாத்தி கட்டிக் குளம் மாதிரி விடுவார். பெரிய சைட்டில் இந்த அக்கறைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தாலும் வராது.

அனுமதி வாங்குவதில் வித்தியாசம் உண்டா?

நிறைய. தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுரடி வரை மனையில் 3,500 சதுரடி வரை வீடு கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. இது குடியிருப்புக்கு மட்டும். கடை என்றால் வழக்கமான பாதை, பார்க்கிங் கணக்கு உட்பட. வீடு என்று அனுமதி வாங்கிவிட்டு ஷட்டர் போடுபவர்கள் பிறகு மின்கட்டணத்திலும் சொத்துவரியிலும் வணிகக் கணக்கில் மாட்டுகிறார்கள்.

ஜிஎஸ்டி, டிடிஎஸ் எல்லாம் எனக்கு வருமா?

தனி வீட்டுக்கு வெறும் லேபர் காண்ட்ராக்ட் என்றால் ஜிஎஸ்டி விலக்கு. பொருளோடு சேர்த்துக் கொடுத்தால், ஜிஎஸ்டி பதிவு உள்ள காண்ட்ராக்டர் 18% போடுவார். கமர்ஷியலுக்கும் 18% தான். சொந்தமாகக் கட்டும் கடைக் கட்டடத்துக்கு அந்த வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்க, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது என்பதைப் பல வியாபாரிகள் கட்டி முடித்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். பேசிய ரேட்டில் ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்று முதல் நாளே கேளுங்கள்.

டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி): சொந்த வீடு கட்டும் தனிநபர், ஒரே காண்ட்ராக்டருக்கு ஒரு வருடத்தில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தால் 2% பிடிக்க வேண்டும். 2024 அக்டோபருக்கு முன் 5% ஆக இருந்தது. மற்றதை ஆடிட்டரிடம் விடுங்கள்.

தகராறு வந்தால் எங்கே போவது? ரெரா இருக்கிறதே?

ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பில்டரிடம் ஃபிளாட் வாங்குபவருக்கு. 500 சதுரமீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு யூனிட்டுக்கு மேல் விற்கும் திட்டம் என்றால் பதிவு கட்டாயம், கட்டுமானக் குறைக்கு ஐந்து வருடப் பொறுப்பும் உண்டு. உங்கள் மனையில் உங்களுக்காகக் கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர் இதில் வரமாட்டார்.

உங்களுக்கு இருப்பது நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவது "சேவை" என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நேரடியாகவே சொல்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தில் போடலாம். வியாபாரத்துக்குக் கட்டடம் கட்டுபவர் பொதுவாக அந்தச் சட்டத்தில் "நுகர்வோர்" ஆகமாட்டார். அவருக்கு ஒப்பந்தத்தில் எழுதிய நடுவர் தீர்ப்பு, அல்லது சிவில் கோர்ட். கமர்ஷியல் ஒப்பந்தம் தடியாக இருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

பெரிய கமர்ஷியல் கம்பெனி என் வீட்டைக் கட்டுமா?

கட்டினாலும் கட்டுப்படியாகாது. அவர்களுக்கு சைட்டுக்கு ஒரு சேஃப்டி ஆபீசர், ஸ்டோர் கீப்பர், பில்லிங் இன்ஜினியர் என்று ஆள் செலவு உண்டு. அது ஆயிரம் சதுரடி வீட்டின் மேல் ஏறினால் தாங்காது. பூஜை அறைக் கதவைத் தேக்கில் செய்ய ஆசாரியோடு உட்கார்ந்து பேசும் பொறுமையும் அங்கே யாருக்கும் இருக்காது.

முடிக்கும் தேதியை எவ்வளவு நம்பலாம்?

வீட்டுக்காரருக்கு ஆடியில் பூமி பூஜை கூடாது, மார்கழியில் நிலை வைக்கக் கூடாது. கடைக்காரருக்குத் தீபாவளிக்கு முன் திறந்தாக வேண்டும். கமர்ஷியலில் தாமதமான ஒவ்வொரு வாரத்துக்கும் பில்லில் இவ்வளவு பிடித்தம் என்று எழுதியிருக்கும். வீட்டில் அப்படி எழுதச் சொன்னால் காண்ட்ராக்டர் மனஸ்தாபப்படுவார். அவர் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் கவனியுங்கள். தேதிக்காக சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்க விடாதீர்கள். நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஸ்லாபுக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும், ஆறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பீமுக்கு 21 நாள். பலகை வாடகைக்கு ஓடுகிறது, வேறு சைட்டுக்கு வேண்டும் என்று பத்தாம் நாளே கேட்பார்கள். கேட்கிறவர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் கேட்பார்.

முதல் சந்திப்பில் காண்ட்ராக்டரிடம் என்ன கேட்பது?

முடித்த கட்டடத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். பெயின்ட் அடித்த வீடு எல்லாமே அழகு. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சைட்டுக்கு, சொல்லாமல், காலை பத்து மணிக்குப் போங்கள். சிமென்ட் மூட்டை தரையில் கிடக்கிறதா, பலகை மேல் இருக்கிறதா? கம்பிக்குக் கீழே கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டை) வைத்திருக்கிறார்களா, ஜல்லிக் கல்லைச் சொருகியிருக்கிறார்களா? டிராயிங் எங்கே என்று கேளுங்கள். மேஸ்திரி அதை எடுத்துக் காட்டினால், அதில் சிமென்ட் கறையும் கைரேகையும் இருந்தால், நீங்கள் அட்வான்ஸ் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.